உயர்த்திய ஜீப்பும் அட்டன் பாதையும்

கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறுகிறவர்களுக்குப் பிரதானமான வழிகள் இரண்டு. கண்டி, கம்பளை, றம்பொடை என்று மகாவலிப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவது ஒன்று. அவிசாவளையோடு சமவெளிக்கு விடை கொடுத்து, களனி கங்கையின் கரையை ஒட்டி எட்டியாந்தோட்டை, கித்துல்கலை என்று சென்று, கினிகத்தேனையில் மலையேறி, வட்டவளை, அட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா வழியாகப் போய்ச் சேர்வது மற்றொன்று. முன்னதில் உல்லாசப் பிரயாணிகளின் பஸ்கள் அதிகம். பின்னதில் தோட்டத்து லொறிகள் அதிகம். இரண்டாவது வழியில் அட்டனை அடைந்து, அங்கிருந்து நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு நுவரெலியா போவதென்று நானும் என் நண்பர் ஒருவரும் தீர்மானித்ததற்குக் காரணம், தோட்டங்களின்மேல் எனக்கிருந்த பிரியம் பாதி. அவர் புதிதாக உயர்த்திக் கட்டிய ஜீப்பை எந்த மலையிலாவது ஏற்றிப் பார்த்துவிட வேண்டுமென்று அவருக்கிருந்த ஆசை மீதி.

இந்நாட்டில் நான்கு சக்கரங்களும் உந்தும் வண்டி எந்தத் தேசத்தில் செய்யப்பட்டதானாலும் ஜீப் என்றே அழைக்கப்படுகிறது. ஆகவே அதன் குலத்தையும் கோத்திரத்தையும் நான் விவரிக்க வேண்டியதில்லை. முன்னும் பின்னும் இரு சக்கரங்களையும் ஒரே இரும்பாகப் பிணைக்கும் அச்சும், அதன்மேல் சுருள்வில்லும் உடைய பழைய ரகம் என்று சொன்னால் போதும். கொழும்பில் ஒரு கராஜில் அந்த வில்களைக் கழற்றிவிட்டு, நீளமான வில்களைப் பூட்டி, உடலை இரண்டு அங்குலம் மேலே தூக்கி, 33 அங்குல விட்டமுள்ள சேற்று டயர்களை மாட்டியிருந்தார்கள். ஏறி உட்காருவதற்கே கொஞ்சம் தேகபலம் வேண்டியிருந்தது. முன்பிருந்த சிறிய ஸ்டியரிங் டேம்பரை அகற்றிவிட்டு, அதைப் போல இருமடங்கு பருமனுள்ள ஒன்றைப் பூட்டியிருந்ததையும், அதற்குக் கராஜ்காரர் பணமே வாங்கவில்லை என்பதையும் நண்பர் பெருமையுடன் சொன்னார். அதிர்வை அடக்கும் உறுப்பை ஒருவர் கேளாமலே தானமாகக் கொடுக்கிறாரென்றால், அதிர்வு வருமென்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் என் மனத்தில் எழுந்தது. புறப்படும் வேளையில் அதைச் சொல்வது நாகரிகமாகாதென்று பேசாதிருந்தேன்.

கித்துல்கலையில், ‘குவாய் நதிப் பாலம்’ என்ற சினிமாவுக்காகப் பாலம் கட்டப்பட்ட இடத்தைப் பார்க்க ஒரு கூட்டம் எப்போதும் இறங்கி நிற்கிறது. 1957-இல் வெளிவந்த படத்துக்கு இன்றைக்கும் அத்தனை மவுசு. நாங்கள் நிற்கவில்லை. கினிகத்தேனைக்கு மேலே மழை பிடித்துக்கொண்டது. தென்மேற்குப் பருவக்காற்று நேராக வந்து மோதும் வட்டவளைப் பிரதேசம் இலங்கையிலேயே மிகுதியான மழையைப் பெறும் இடங்களுள் ஒன்று. அங்கே மழை பெய்வது செய்தியல்ல, வெயில் அடிப்பதுதான் செய்தி. வளைவுகளில் முப்பது, நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போக இடமில்லாத அந்த ஏற்றத்தில் ஜீப் ஒரு குறையும் காட்டாமல் ஏறிற்று. நண்பர் பாட்டுப் பாடினார்.

அட்டனிலிருந்து நோர்வூட் இறங்கி, பிரதான பாதையை விட்டுத் தோட்டத்து ரோட்டுக்குள் புகுந்தோம். தேயிலை மலைகளில் வளைந்து வளைந்து ஏறும் இந்த ரோடுகளைப் பார்க்கும்போதெல்லாம், இவற்றின் சாய்வை நிர்ணயித்தவன் கெட்டிக்காரன், வெட்டியவன் அவனிலும் கெட்டிக்காரன் என்று எனக்குத் தோன்றும். கோப்பிக் காலத்திலும் அதன்பின் தேயிலைக் காலத்திலும், தமிழ்நாட்டிலிருந்து கங்காணிமாரோடு வந்த சனங்கள் மண்வெட்டியாலும் அலவாங்காலும் செதுக்கியவை அவை. 1948-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லாண்ட் றோவர் என்ற வண்டி முதன்முதலாக உலகத்தின் முன் வைக்கப்பட்டது. பின்னாட்களில் அதுவே இந்த ரோடுகளில் துரைமாரின் அடையாளமாயிற்று. அதே ஆண்டில்தான் இலங்கைப் பாராளுமன்றம் குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றி, அந்த ரோடுகளை வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. துரையின் ஜீப் வருகிற சத்தம் கேட்டால் ரோட்டோரம் ஒதுங்கி நிற்கவேண்டியிருந்த காலத்தை லயத்து முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். எங்கள் ஜீப் வந்தபோது ஒருவரும் ஒதுங்கவில்லை. கொழுந்துக் கூடையோடு வந்த இரண்டு பெண்கள் அதன் உயரத்தைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அந்த ரோடுகளில் சேறு ஏராளம். நண்பர் அதைத் தேடித் தேடி ஓட்டினார். மாலையில் பிரதான பாதைக்குத் திரும்பி, டிக்கோயாப் பக்கத்தில் ரோடு சற்றே நேராகும் இடங்களில் வேகத்தைக் கூட்டியபோதுதான் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கிற்று. ஐம்பது கிலோமீட்டர் வரையில் ஒன்றுமில்லை; ஐம்பத்தைந்தில் சிலிர்ப்பதுபோல் ஆரம்பித்து, அறுபதில் கைகளை உதறும்படியாக வளர்ந்து, வேகத்தைக் குறைத்தவுடன் அடங்கிப் போயிற்று. நண்பருக்கு முகம் மாறிவிட்டது. ஏதோ பெரிய உறுப்பு போயிற்றென்று அவர் எண்ணினார்.

இந்த வகை நடுக்கத்துக்கு ஒரு லட்சணம் உண்டு. குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அது வரும்; ரோடு எவ்வளவு நன்றாயிருந்தாலும் வரும்; குழி, மேடு, பிரேக் எதற்காகவும் காத்திராது. அப்படி வருமானால் சந்தேகம் முதலில் சக்கரத்தின் சமநிலை மேலேயே விழவேண்டும். சக்கரத்தின் உட்புறக் குழிவிலே, மையத்திலிருந்து இருபது சென்டிமீட்டர் தள்ளி, ஒரு பக்கமாக 300 கிராம் சேறு அப்பிக் காய்ந்திருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். 33 அங்குல டயர் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் உருளும்போது அந்தச் சேறு ஏறக்குறைய பத்துக் கிலோ எடையின் பலத்தோடு சக்கரத்தை வெளியே இழுக்கிறது. விநாடிக்கு ஆறேழு தரம், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை, இழுக்கும் திசை மாறிக்கொண்டே இருக்கிறது. வேகம் பாதியானால் பலம் கால்வாசியாகிவிடுமாதலால், முப்பது கிலோமீட்டரில் அதுவே இரண்டரைக் கிலோவாகச் சுருங்கிவிடும். மலைப்பாதையில் நாள் முழுதும் ஒளிந்திருக்கும் குறை சமதரையில் வந்து வெளிப்படுவதற்கு இரகசியம் இவ்வளவே. ஒரு பீலித் தண்ணீரருகே வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரங்களின் உட்புறத்தையும் குச்சியால் சுரண்டிக் கழுவினோம். கழுவிய பின் அறுபதிலும் அறுபத்தைந்திலும் ஸ்டியரிங் நிச்சலனமாக இருந்தது. நண்பர் மீண்டும் பாடினார்.

மறுநாள் காலையில் அட்டனை விட்டுக் கொட்டகலைப் பக்கம் போய்க்கொண்டிருக்கையில், ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லாத வேகத்தில், இடது முன்சக்கரம் ஒரு குழியில் விழுந்து எழுந்தது. அந்தக் கணத்தில் ஸ்டியரிங் கைகளைப் பிடுங்கிக்கொண்டு இடமும் வலமுமாக அடிக்க ஆரம்பித்ததையும், முன்பாகம் முழுவதும் துள்ளியதையும், கண்ணாடியும் கதவும் சேர்ந்து கடகடத்ததையும் எழுத்தில் கொண்டுவருவது கடினம். முந்தின நாளைய நடுக்கத்துக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. இது வேகத்தால் பிறந்ததல்ல, குழியால் பிறந்தது, பிறந்தபின் குழியின் உதவியில்லாமலே தன்னைத் தானே வளர்த்துக்கொண்டது. நண்பர் புத்திசாலித்தனமாகப் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், காலை எடுத்து, ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டாமல், மெல்லப் பிடித்தபடி வேகத்தை இறங்கவிட்டார். இருபதுக்கு வந்ததும் அது ஓய்ந்தது. எதிரே பஸ் ஒன்றும் வராதது எங்கள் அதிர்ஷ்டம்.

ரோட்டோரத்துக் கராஜ் ஒன்றுக்கு ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்த பாஸுக்கு ஐம்பது வயதிருக்கும். தோட்டத்து லொறிகளைப் பழுது பார்த்தே தலை நரைத்தவர். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். சாவியைக் கேட்கவில்லை, கேள்விகளைத்தான் கேட்டார்.

“எப்பங்க ஆடுது? ஓடுறப்பவே மெல்லமா ஆரம்பிச்சுக் கூடுதா, இல்ல குழியில விழுந்தாத்தானா? பிரேக் புடிச்சா கூடுதா, கொறையுதா? கையில தெரியுதா, சீட்டுல தெரியுதா?”

நண்பர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். சீட்டில் மட்டும் தெரிந்தால் பின்சக்கரங்களைப் பார்க்கவேண்டும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் வந்தால் பிரேக் தட்டையோ டிரம்மையோ பார்க்கவேண்டும். ஆகவே எந்த உறுப்பையும் தொடுவதற்கு முன்பே பாதி வண்டியை அவர் விசாரணையிலிருந்து விலக்கிவிட்டார். மீதிப் பாதியைப் பரிசோதிக்கத் தொடங்குமுன் பையனைக் கூப்பிட்டு, “தம்பி, மொதல்ல அந்த டேம்பரக் கழட்டு” என்றார்.

நண்பர் திடுக்கிட்டார். “அதுதானே பாஸ் ஆட்டத்தைப் புடிச்சு வச்சிருக்கு?”

“அதுதாங்க புடிச்சு வச்சிருக்கு. அது இருந்தா எனக்கு ஒண்ணும் தெரியாதே.”

முன்பாகத்தை ஜக்கில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்துப் பார்த்தார். பிறகு இடமும் வலமுமாக. மேல்கீழ் அசைவில் இலேசான தளர்ச்சி இருந்தது. பையனைப் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கச் சொல்லி மறுபடி அசைத்தார், தளர்ச்சி மறைந்துவிட்டது. பிரேக் சக்கரத்தையும் அதைத் தாங்கும் முட்டியையும் ஒன்றாகப் பிணைத்துவிடுவதால், மிதித்தவுடன் மறையும் தளர்ச்சி வீல் பேரிங்கினுடையது. மிதித்தும் மறையாதது, சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங் பின்னுடையது. பேரிங் நட்டை அளவாக முறுக்கினார். ஆனால் இவ்வளவு பெரிய ஆட்டத்துக்கு இது காரணமாகாது என்று தலையை ஆட்டினார். டயரின் முகத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்து, மேடு பள்ளமாகத் தேயவில்லையென்று திருப்தியடைந்தார். சாக்கட்டியை ரிம்முக்கு அருகே பிடித்து, சக்கரத்தைச் சுழற்றி, கோணல் இல்லையென்று கண்டார்.

அதன்பின் அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் ரசமாக இருந்தது. வண்டியை ஜக்கிலிருந்து இறக்கி, அதன் பாரம் முழுவதும் டயர்களில் நிற்கும்படி செய்து, எஞ்சினை ஓடவிட்டு, பையனை ஸ்டியரிங்கில் உட்காரவைத்தார். இந்தப் பக்கம் ஒரு கையகலம், அந்தப் பக்கம் ஒரு கையகலம், நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டேயிரு என்று சொல்லிவிட்டு வண்டிக்கடியில் படுத்துக்கொண்டார். தூக்கி நிறுத்திய வண்டியில் மூட்டுகளெல்லாம் பாரமில்லாமல் தொங்குவதால் தங்கள் தளர்ச்சியை மறைத்துக்கொள்ளும்; தரையை அழுத்தி நிற்கும்போதுதான் அவை உண்மையைச் சொல்லும். கண்ணை மூடியபடி ஒவ்வொரு மூட்டிலும் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். டை ராட் முனைகள் சரி. ஸ்டியரிங் பெட்டி சரி. பேனார்ட் ராட் சேஸியோடு சேரும் இடத்துக்கு வந்ததும் கை நின்றது.

“இங்க கைய வைங்கய்யா.”

நானும் குனிந்து வைத்துப் பார்த்தேன். ஸ்டியரிங் திரும்பும் ஒவ்வொரு தடவையும், அச்சு அசையத் தொடங்குமுன் அந்த போல்ட் தன் துளைக்குள்ளே ‘டக்’கென்று நகர்ந்தது. கழற்றியபோது துளை வட்டமாக இல்லை, முட்டை வடிவமாகியிருந்தது. ரப்பர் புஷ் ஒரு பக்கமாகக் கிழிந்திருந்தது.

பேனார்ட் ராட் என்பது, அச்சு பக்கவாட்டில் நழுவாதபடி அதைச் சேஸியோடு பிணைக்கும் குறுக்குத் தண்டு; ஒரு தலை சேஸியில், மறு தலை அச்சில். வண்டியை உயர்த்தினால் தண்டின் நீளம் வளர்வதில்லை. அதன் சாய்வு மட்டும் கூடுகிறது. ஆகவே அது அச்சைச் சில மில்லிமீட்டர் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்கிறது. குழியில் விழும்போதெல்லாம் முன்னிலும் அதிகமாக இழுத்துத் தள்ளுகிறது. இத்தோடு, உயர்த்தியவர்கள் அந்த போல்ட்டை அச்சு தொங்கிக்கொண்டிருந்த நிலையிலேயே முறுக்கியிருக்கிறார்களென்று பாஸ் ஊகித்தார். அப்படி முறுக்கினால், வண்டி தரையில் இறங்கியவுடன் புஷ் முறுக்குண்ட நிலையிலேயே வாழ்நாளைக் கழிக்கவேண்டும். சீக்கிரமே கிழியும். கிழிந்த பின் போல்ட் துளையைத் தின்னத் தொடங்கும்.

அத்தனை சிறிய தளர்ச்சி அத்தனை பெரிய தாண்டவத்தை உண்டாக்குவது எப்படி? ஒரு பக்கச் சக்கரம் மேடேறி அச்சு சாயும்போது, வேகமாகச் சுழலும் சக்கரங்கள் பம்பரத்தின் இயல்புப்படி அந்தச் சாய்வை அப்படியே ஏற்காமல், அதற்குக் குறுக்கான திசையில், அதாவது இடமாகவோ வலமாகவோ, திரும்ப முயல்கின்றன. திரும்பிய சக்கரங்கள் மீண்டும் அச்சைச் சாய்க்கின்றன. சாய்ந்த அச்சு மீண்டும் சக்கரங்களைத் திருப்புகிறது. மூட்டுகள் இறுக்கமாயிருந்தால் இந்தக் கொடுக்கல் வாங்கல் இரண்டு மூன்று தரத்தில் அடங்கிவிடும். எங்கேனும் ஒன்று தளர்ந்திருந்தால், வண்டி ஓடும் சக்தியையே உண்டு வளரும். சக்கரம் எவ்வளவு கனமோ அவ்வளவு மூர்க்கம். மோட்டார் உலகம் இதைப் பட்டுத்தான் படித்தது. 1920-களில் காற்றழுத்தம் குறைந்த பருத்த டயர்களும் முன்சக்கரப் பிரேக்குகளும் வழக்கத்துக்கு வந்தபோது, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒற்றை அச்சுக் கார்கள் இவ்விதமே ஆடத் தொடங்கின. இரு முன்சக்கரங்களையும் ஒரே அச்சில் பிணைக்காமல் தனித்தனியே தொங்கவிடும் அமைப்பு 1930-களில் கார்களில் பரவியதற்கு அந்த ஆட்டமும் ஒரு காரணம். கரடுமுரடான நிலத்துக்கென்று செய்யப்பட்ட ஜீப்புகளோ, உறுதியை உத்தேசித்துப் பழைய அச்சையே வைத்துக்கொண்டன. அந்த அச்சில் கனத்த டயரை மாட்டிச் சாய்வுகளையும் மாற்றுகிறவர், நூறாண்டுக்கு முந்திய தொல்லையைப் பணங்கொடுத்துத் திரும்ப வாங்குகிறார்.

உயர்த்தியதால் காஸ்டர் கோணமும் கெட்டிருக்குமே என்று நண்பர் எங்கோ கேள்விப்பட்டதைச் சொன்னார். அது மெய்தான். சைக்கிளின் முன்கவட்டை சாய்ந்திருப்பது, கையை விட்டாலும் அது நேரே ஓடுவதற்கு ஒரு காரணம். ஜீப்பிலும் சக்கரம் திரும்பும் அச்சாணி மேல்முனை பின்னுக்குச் சாய்ந்தபடி இருக்கிறது. அந்தச் சாய்வே காஸ்டர்; இவ்வகை வண்டிகளில் அது மூன்று பாகையளவே. இரண்டு அங்குலம் உயர்த்தினால், அச்சைப் பிடித்திருக்கும் கைகள் கீழ்நோக்கிச் சரிந்து அச்சையே சுழற்றிவிடுவதால், ஏறக்குறைய அது முழுவதும் தீர்ந்துபோகிறது. ஆனால் காஸ்டர் குறைந்த வண்டி பெரும்பாலும் ரோட்டில் அலையும், வளைவிலிருந்து ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது; அதனால் மட்டும் இந்த வெறியாட்டம் பிறப்பதில்லை என்பது பாஸின் அபிப்பிராயம். எல்லா நடுக்கத்துக்கும் காஸ்டரையே குற்றம் சொல்லி விலையுயர்ந்த உறுப்புகளை விற்கிறவர்களைவிட அவர் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது.

துளையைச் சுற்றித் தடித்த இரும்பு வாஷரைப் பற்றவைத்துச் சரியான அளவுக்குத் துளைத்தார். புதுப் புஷ் போட்டார். வண்டியைத் தரையில் நிறுத்தி, நான்கைந்து தரம் அமுக்கி விட்டு, அதன் பிறகே போல்ட்டை முறுக்கினார். டேம்பரை மாட்டாமல் அதே குழியின் மேல் வண்டியைத் தாமே ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பினார். ஸ்டியரிங் ஒருமுறை உதறிற்று, அடங்கிற்று. “இப்ப மாட்டு” என்று பையனிடம் சொன்னார்.

தலவாக்கலைக்கு முன்னால் டெவன் அருவியும் சென்கிளேயர் அருவியும் பாதைக்கு எதிரேயே தெரிகின்றன. மேல் கொத்மலைத் திட்டத்துக்காகத் தலவாக்கலையில் அணை கட்டிய பின், சென்கிளேயரில் முன்போல் வெள்ளம் புரள்வதில்லை. 1885-இல் நானுஓயாவை எட்டிய ரயில்பாதை இந்த மலைகளில் எங்களுக்கு மேலும் கீழும் மாறி மாறித் தோன்றிக்கொண்டிருந்தது. நுவரெலியாவை அடைந்தபோது குளிர் எலும்பைத் தொட்டது.

அந்நகரத்தருகே மாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தில், 1934-இல் தொடங்கிய மோட்டார் மலையேற்றப் போட்டிக்குப் பெயர்போன பாதை ஒன்றிருக்கிறது; குறுகிய தூரம், கூரிய வளைவுகள், ஒவ்வொரு வண்டியாகக் கடிகாரத்தோடு பந்தயம். தரையோடு தரையாகத் தாழ்த்திய கார்களே அங்கே பெயரெடுப்பவை. மலையேறுவதற்கு ஒருவர் வண்டியைத் தாழ்த்துகிறார், மற்றொருவர் உயர்த்துகிறார் என்று நான் சொன்னதை நண்பர் ரசிக்கவில்லை. பாதையோரம் நின்றிருந்த ஒரு முதியவர் ஜீப்பைக் கண்டு பேச்சுக் கொடுத்தார். இளமையில் ஒரு தோட்டத்துப் பெரியதுரைக்கு ஜீப் ஓட்டியவராம்.

“எங்க தொர ஜீப்ப ஒரு அங்குலங்கூட ஒசத்தலீங்க. மழ காலத்துல டயருக்குச் சங்கிலி சுத்துவோம், அவ்வளவுதான். அப்பவெல்லாம் ரோட்டுக்குக் கானு ஒழுங்கா வெட்டுவாங்க. தண்ணி ரோட்டுல நிக்காது. கானு இருந்தா எந்த வண்டியும் ஏறும்.”

தோட்டங்கள் 1970-களில் அரசுடைமையாகி, 1992 முதல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போன சரித்திரத்தில், கான் வெட்டுகிற வேலைக்கு எந்தக் காலத்தில் ஆள் குறைந்தது என்பதைப் பற்றி அவருக்குத் திட்டமான அபிப்பிராயங்கள் இருந்தன. நண்பர் கேட்டுக்கொண்டே நின்றார். வழக்கத்துக்கு மாறாக மறுத்துப் பேசவில்லை.

றம்பொடை வழியாக இறங்கினோம். இறக்கம் நெடுகத் தாழ்ந்த கியரிலேயே வந்ததால் பிரேக் சூடேறவில்லை. ஸ்டியரிங்கும் வாய் திறக்கவில்லை. ஆனால் வளைவு முடிந்தபின் அதைக் கையால் திருப்பிக்கொண்டு வரவேண்டியிருந்தது; காஸ்டர் பற்றி பாஸ் சொன்னதை ஒவ்வொரு வளைவும் ருசுப்படுத்திற்று. கொழும்பு சேர்ந்ததும், காஸ்டரைத் திருத்தும் புஷ்கள் வாங்கப் பஞ்சிகாவத்தைக்குப் போனோம். கடைக்காரர் அவற்றை எடுத்து வைத்து விலை சொன்ன பிறகு, நண்பர் சற்றுத் தயங்கி, இந்த வண்டிக்குக் கம்பனி போட்ட பழைய வில்கள் கிடைக்குமா என்று விசாரித்தார்.

“கெடைக்குமாவா? ஒசத்துறவங்க கழட்டிப் போடுறதெல்லாம் இங்கதானே வருது” என்று கடைக்காரர் பின்கட்டைக் காட்டினார். புஷ்களின் விலையைவிட அவை மலிவாக இருந்தன.